கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது எனக்கு யாரோ சொன்ன கதை இல்லை. நானே அங்கே நின்று பார்த்தது, என் காதால் கேட்டது. தேதி, மணி எல்லாம் என் போனில் அப்படியே இருக்கிறது. நான் தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் கிளார்க். நாள் முழுக்க கன்டெய்னர் எண்ணுகிற வேலை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எண்ணிக்கை தப்பியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று கடைசியில் தெரியும்.

என் பெயர் பவுல். பெரியதாழைப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். எங்களுக்கு ஒரு கால்பந்துக் கழகம் உண்டு, விடிவெள்ளி என்று பெயர். கிரவுண்டுக்கு மேற்கே ஏழு படி வைத்த சிமென்ட் கேலரி. கிழக்கே இடுப்பளவு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மணல், அதற்கப்புறம் கடல்.

ஒரு காலத்தில் எங்கள் கேலரி பாடினால் எதிர் டீம் பையன்களுக்குப் பந்து காலில் நிற்காது. அந்தப் பாட்டையெல்லாம் எடுத்துக் கொடுத்தவன் ஷாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனும் இன்னும் நாலு பேரும் ஒரே வள்ளத்தில் கடலுக்கு மீன் தொழிலுக்குப் போனார்கள். ஐந்து பேரும் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் கேலரியில் யாரும் வாயைத் திறக்கவில்லை. வருகிற அறுபது பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். “விடிவெள்ளி கிரவுண்டா? அது கல்லறைத் தோட்டம்லா” என்று மற்ற ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. சொந்த ஊரில் இன்னும் மூன்று மேட்ச் பாக்கி. இரண்டில் ஜெயித்தால்தான் ஏ டிவிஷனில் இருக்க முடியும். இல்லாவிட்டால் நல்ல பையன்கள் எல்லாம் டவுன் கிளப்புக்குப் போய்விடுவார்கள். டீமுக்கு ஒரு சத்தம் வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நானே பாடலாம் என்றால், என் பாட்டு ஊரறிந்த கூத்து. கோயிலில் எல்லோரும் பாடி முடித்த பிறகு அரை அடி பிந்தித்தான் என் குரல் வரும். சாமியாரே ஒரு தடவை திருப்பலியை நிறுத்திவிட்டுச் சிரித்திருக்கிறார்.

அதனால் ஷாமின் அண்ணன் ஜெனிஸிடம் போனேன். அவன் என் கூட்டாளி, ஒன்றாகப் படித்தவன். தம்பியைப் போலவே கணீரென்ற குரல். கரைமடி இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை கேலரியில் பாட வைக்கலாம் என்றேன். கரைமடி என்றால், வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் இழுக்கும். ஒரு கூட்டம் “கரைக்கு யாரு வாரா?” என்று கேட்கும். அடுத்த கூட்டம் “நாங்க வாரோம்!” என்று பதில் பாடும். மேட்சுக்கு இதைவிட என்ன பாட்டு வேண்டும்?

ஜெனிஸ் முகம் மாறிவிட்டது.

“கையில கயிறு இல்லாம அம்பா எடுக்கக்கூடாதுல.”

“ஏன்?”

“அடுத்த கயித்த எவன் பிடிச்சிருக்கான்னு தெரியணும்லா.”

நான் சிரித்தேன். கயிறுதானே வேண்டும், கொண்டு வருகிறேன் என்றேன். மூன்று நாள் அவன் பின்னாலேயே அலைந்து சம்மதிக்க வைத்தேன். அன்றைக்கு என் நாக்கு அறுந்து விழுந்திருக்கக் கூடாதா என்று இப்போது நினைக்கிறேன்.

ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. மேட்ச் 4:30க்கு. பழைய கரைமடிக் கயிறு ஒன்றை எடுத்து வந்தேன். ஒரு முனையை கிழக்குச் சுவர் ஓரம் நின்ற இரும்புக் கம்பத்தில் நானே கட்டினேன். அங்கிருந்து தெற்கு கோலுக்குப் பின்னால் சுற்றி கேலரிவரை கயிறு. கேலரிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பாட வேண்டும். சுவர்ப் பக்கம் உட்கார்ந்து பதில் பாட பள்ளிக்கூடப் பையன்கள் இருபது பேருக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஸ்பெஷல் கிளாஸ் என்று ஒருவனும் வரவில்லை.

ஜெனிஸ் கயிற்றைக் கையில் வாங்கிவிட்டு கிழக்கே பார்த்தான். “அந்தப் பக்கம் ஆளில்லையேல.”

“நீ ஆரம்பி. பாத்துக்கிடலாம்” என்றேன்.

4:52. ஜெனிஸ் முதல் அடி எடுத்தான். “கரைக்கு யாரு வாரா?” கேலரியில் எல்லோருக்கும் கூச்சம். ஒருவர் வாயும் அசையவில்லை. எனக்கு மானம் போனது மாதிரி இருந்தது.

ஆனால் பதில் வந்தது.

“நாங்க வாரோம்…”

கிழக்கிலிருந்து. மெதுவாக, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பையன்கள் வந்துவிட்டார்கள் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூச்சம் விட்டுப் போனது. அடுத்த அடிக்கு கேலரியும் சேர்ந்து பாடியது. 5:06க்கு எங்கள் பையன் கோல் போட்டான். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த கிரவுண்டில் சத்தம்… எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இடைவேளையில் பையன்களுக்குக் கொடுக்க பிஸ்கட் பாக்கெட் எடுத்துக்கொண்டு போனேன். சுவரை எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஓடியிருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் மணலைப் பார்த்தேன். ஒரு காலடி கிடையாது. துடைத்து விட்டது போல இருந்தது மணல்.

எதிரொலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிரொலிக்குச் சுவர் வேண்டும். அங்கே இருப்பது திறந்த கடல். அதுவும் எனக்குத் தெரியும்.

2-1 என்று ஜெயித்தோம். ஊரே என் முதுகில் தட்டியது.

மறுநாள் சாயங்காலம் ஜெனிஸ் என் போனை வாங்கி, நான் எடுத்த வீடியோவைக் காதில் வைத்துக் கேட்டான். மூன்று தடவை கேட்டான். அவன் உதடு மட்டும் அசைந்தது, எதையோ எண்ணுகிற மாதிரி.

“இத அழிச்சிருல.”

“ஷாம் குரல் இருக்கால?” நான் கேட்டுவிட்டேன். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

“இருக்கு.” போனைத் திருப்பிக் கொடுத்தான். “அது மட்டும் இல்ல.”

அதற்குமேல் சொல்லவில்லை. இனி பாட மாட்டேன் என்றான். நான் விடவில்லை. இன்னும் ஒரே ஒரு மேட்ச், அதில் ஜெயித்தால் போதும், டீம் பிழைத்துவிடும் என்று கெஞ்சினேன். அவன் அம்மா பிளாரன்ஸ் மாமியும் அழுதார்கள். அவர்களும் கேலரியில் இருந்தார்கள், ஷாமின் குரலைக் கேட்டுவிட்டார்கள். “எனக்காவ ஒரு தடவ பாடுல” என்றார்கள். அம்மா கேட்டால் அவன் என்ன செய்வான்?

வீடியோவை நான் அழிக்கவில்லை.

பிப்ரவரி 2. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எண்ணினேன். ஏழு படியும் நிறைந்திருந்தது. அந்த ஐந்து வீட்டுப் பெண்களும் முன்வரிசையில் இருந்தார்கள். கயிற்றை அதே கம்பத்தில் அதே முடிச்சாகக் கட்டினேன். கயிற்றின் தலைமாட்டில், தெற்கு மூலையில், எல்லோருக்கும் முன்னால் ஜெனிஸ்.

பாட்டு ஏறியது. பதிலும் ஏறியது. இந்தத் தடவை அது எதிரொலி என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஆனாலும் யாரும் நிறுத்தவில்லை.

5:49. நாங்கள் ஒரு கோல் முன்னிலை. கயிறு என் கையில் நனைந்திருந்தது.

மழை இல்லை. வியர்வை என்று பார்த்தேன். உதட்டில் வைத்தேன். உப்பு… வியர்வையும் உப்புத்தான். ஆனால் கயிற்றிலிருந்து சொட்டியது.

5:57. கயிறு விறைத்தது.

கம்பத்தில் கட்டிய கயிறு. நாங்கள் இழுத்தால்தான் விறைக்க வேண்டும். நாங்கள் இழுக்கவில்லை.

6:01. ஜெனிஸ் கேட்கவே இல்லை. அதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது.

“நாங்க வாரோம்…”

கேலரி ஒரு படி இறங்கியது. மொத்தமாக. பாடிக்கொண்டே. ஒருவரும் காலைப் பார்க்கவில்லை.

இன்னொரு படி.

என் காலும் போனது. நான் வைக்கவில்லை. அதுவே போனது.

“கயித்த விடுங்க!” நான் கத்தினேன். “விடுங்கல!”

விட்டார்கள். பொத்தென்று கயிறு தரையில் விழுந்தது. பாட்டு நின்றது. விசில் ஊதாமலே ஆட்டமும் நின்றது.

ஒருவன் மட்டும் விடவில்லை.

ஜெனிஸ் கோலுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தான். முன்னால் சாய்ந்து… இழுக்கப்படுகிறவன் மாதிரி.

ஓடினேன். கூப்பிட்டேன். திரும்பவில்லை.

6:04. சுவர் ஏறினான்.

குதித்தான்.

நான் சுவரைத் தொட பத்து எண்ணிக்கை ஆகியிருக்காது.

மணலில் ஒரே ஒரு ஜோடிக் கால் தடம். தண்ணீர்வரை.

கடல் தட்டையாகக் கிடந்தது. ஒரு தலைகூட இல்லை.

கம்பத்தில் என் முடிச்சு அப்படியே இருந்தது. கயிறு காய்ந்திருந்தது.

மூன்று நாள் முப்பது வள்ளம் தேடியது. கோஸ்ட் கார்டும் வந்து தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. தம்பி நினைப்பில் மனசு கலங்கிப் போய்விட்டான் என்று எழுதிக்கொண்டு போலீஸ் போய்விட்டது. எனக்கு என்ன சொல்ல வாய் இருக்கிறது? கயிறு கொண்டு வந்தவன் நான். ஆளில்லாத பக்கம் பார்த்து ஆரம்பி என்றவன் நான்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரி 16, கடைசி மேட்ச். நான் கயிறு கொண்டு போகவில்லை. ஊர்க்காரர்களே கொண்டு வந்தார்கள். தொள்ளாயிரம் பேர். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். கடலில் மகனை, புருஷனை, அண்ணனை விட்டவர்கள்.

நான் கேட் ஓரம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையில் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு நின்றேன். பாட்டு எடுக்க கேலரியில் ஆள் இல்லை. 4:52க்கு பாட்டு தானாக ஆரம்பித்தது. இந்தத் தடவை கேள்வி கிழக்கிலிருந்து வந்தது.

“கரைக்கு யாரு வாரா?”

ஜெனிஸ் குரல்.

தொள்ளாயிரம் பேரும் பதில் பாடினார்கள். “நாங்க வாரோம்!”

பிளாரன்ஸ் மாமி காலில் விழுந்தேன். இதோடு போதும், நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். அவர்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

“ஏலே பவுல், கூட்டம் பாடணும்னு நீதானல கேட்ட. இப்பம் பாடுதோம்லா.”

அன்றைக்கும் ஜெயித்தோம். நாங்கள் ஏ டிவிஷனில் இருக்கிறோம். எங்கள் கிரவுண்டை இப்போது யாரும் கல்லறைத் தோட்டம் என்று சொல்வதில்லை. மார்ச் 2ஆம் தேதி ஒரு நட்பு ஆட்டம் வைத்திருக்கிறார்கள், மாலை 4:30. ஊரெல்லாம் விளம்பரத் தட்டி கட்டியாகிவிட்டது. நான் தூத்துக்குடியில் ரூம் எடுத்துத் தங்கிவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் இங்கேயும் கடல்தான்.

போன வாரம் ஜெனிஸ் மனைவி ரீனா என்னைப் பார்க்க வந்தாள். அழுது தீர்ந்த முகம். ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றாள்.

“அண்ணே, முத வீடியோவ கேட்டுட்டு வந்த அன்னைக்கு அவுக ஒண்ணு சொன்னாவ. ‘போனது அஞ்சு பேரு ரீனா. கிழக்க ஆறு குரல் கேக்கு. ஆறாவது என் குரல்’னு.”

அவள் போன பிறகு போனை எடுத்தேன். ஜனவரி 19 வீடியோ. ஹெட்போன் போட்டுக் கேட்டேன். ஆறு. சரியாக இருந்தது.

பிறகு பிப்ரவரி 16 வீடியோவைப் போட்டேன். ஐந்து பேரோடு ஜெனிஸும் சேர்ந்தால் ஆறு. ஆறுதான் இருக்க வேண்டும்.

நாலு தடவை எண்ணினேன்.

ஏழு.

ஆறு குரலும் சேர்ந்து கேட்டு முடிக்கின்றன. அதற்கப்புறம்… அரை அடி பிந்தி… ஏழாவது குரல் வருகிறது.