பூஜை முடிந்து இடம் மாறிய ஆறு பிரிண்டர்கள்

12.06.2023 – சர்வர் கணினி ஒன்று – ரூ. 1,42,000
19.06.2023 – ஒரே ரகப் பிரிண்டர்கள் ஆறு – ரூ. 1,08,000
03.07.2023 – கேபிள், சுவிட்சு, பொருத்துக் கூலி – ரூ. 23,450
23.10.2023 – ஆயுத பூஜைச் செலவு (பொரி, கடலை, பூசணிக்காய், சந்தனம், மாலை) – ரூ. 2,185

நத்தம் சாலையில் இருக்கும் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் வரவுசெலவை, அது தொடங்கிய நாளிலிருந்து நான்தான் எழுதி வருகிறேன். மேலே உள்ள நான்கு வரிகளும் அதிலிருந்து எடுத்தவை. முதல் மூன்றும் ஏஞ்சலின் கேட்டு வாங்கிய பொருள்கள். நான்காவது செலவுதான் அவரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தது.

ஏஞ்சலின் முத்தழகுபட்டிக்காரர். வயது முப்பத்தாறு. அப்பா ராயப்பராஜ் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஏஞ்சலின் பாலிடெக்னிக்கில் கணினி படித்துவிட்டு, ஒரு நூற்பாலை அலுவலகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர் என்பதால் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல். அலுவலகத்துக்கு வந்தும் அதைக் குறைத்துக்கொண்டதில்லை. சந்தோஷம் வந்தால் யார் இருந்தாலும் கை தட்டிவிடுவார். எங்கள் நிறுவனத்தில் கணினிப் பிரிவுக்குத் தற்காலிக ஆள் வேண்டும் என்றபோது, ஆலை வேலையை விட்டுவிட்டு வந்தார்.

அவர் வரும்போது எங்களிடம் ஆறு மேசை, ஆறு விதமான பிரிண்டர், ஆறு விதமான மை. ஒன்றுக்கு வாங்கிய மை இன்னொன்றில் சேராது. மேலாளர் கடிதம் ஒன்றை அச்செடுக்க நினைத்தால் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ரசீது கவுண்டருக்கு ஓட வேண்டும். போகிற வழியில் அந்தப் பென் டிரைவை யாராவது இரவல் வாங்கிவிடுவார்கள்.

ஏஞ்சலின் சொன்ன யோசனை இதுதான். பிரிண்டர்கள் ஆறும் ஒரே ரகமாக இருக்கட்டும். எல்லாக் கணினியிலிருந்தும் வரும் அச்சு வேலை முதலில் ஒரே சர்வருக்குப் போகட்டும். அங்கே வரிசையில் நின்று, எந்தப் பிரிண்டருக்குப் போக வேண்டுமோ அதற்குப் போகட்டும். யார் எதை அனுப்பினார், எது சிக்கி நிற்கிறது என்பதைத் தன் நாற்காலியில் இருந்தே பார்க்கலாம். நிறுத்தலாம், ரத்து செய்யலாம், திருப்பிவிடலாம்.

இயக்குநர் காத்தமுத்துவுக்கு இதில் நம்பிக்கை இல்லை.

"ஏம்மா, பக்கத்துல இருக்க மெசினுக்குப் பேப்பர் போறதுக்கு, அம்புட்டுத் தூரம் அந்த ரூமுக்குப் போயிட்டு வரணுமாக்கும்?"

"கண்ணு மூடித் தெறக்குறதுக்குள்ள போயிட்டு வந்துரும்யா."

"அது வராத அன்னிக்கி?"

"அன்னிக்கி என்னையக் கேளுங்க."

காத்தமுத்து அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். நான்கு மாதம் பார்ப்பது, 25.10.2023 அன்று இயக்குநர் கூட்டத்தில் முடிவெடுப்பது, சரிவராவிட்டால் சர்வரை விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஏஞ்சலினையும் அந்த மாதக் கடைசியோடு அனுப்பிவிடுவது என்று தீர்மானமானது. ஆலைக்காரர்கள் அவருடைய இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். திரும்பிப் போக வழியில்லை.

நான்கு மாதமும் குறை சொல்ல ஏதுமில்லாமல் ஓடியது. ஒவ்வொரு பிரிண்டருக்கும் சர்வரில் ஓர் எண் முகவரி கொடுத்திருந்தார். கடைசி எண் 21-இல் தொடங்கி 26 வரை. ஆனால் ஊழியர்களுக்கு எண் எதற்கு? அவர்கள் கணினியில் 'ரசீது கவுண்டர்', 'லாரி அனுப்புகை', 'கூட்ட அறை' என்று இடத்தின் பெயரே தெரியும்படி செய்திருந்தார். அதே பெயரைச் சீட்டில் அச்சடித்து ஒவ்வொரு பிரிண்டரின் நெற்றியிலும் ஒட்டியும் வைத்திருந்தார்.

அக்டோபர் 23, திங்கட்கிழமை, ஆயுத பூஜை. எங்கள் வழக்கப்படி தராசு, கால்குலேட்டர், தள்ளுவண்டி, சாக்கு தைக்கும் ஊசி உட்பட எல்லாவற்றையும் துடைத்து, கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவோம். பிரிண்டர்களும் அந்த வரிசையில் ஏறின. ஏஞ்சலின்தான் ஒயர்களைக் கழற்றிக் கொடுத்தார், மாலையும் கட்டினார். மறுநாள் விஜயதசமியன்று அவருடைய தம்பி ஆண்டனிராஜின் புது வீட்டைப் பாதிரியார் வந்து மந்திரிக்கும் நாள், அதனால் ஏஞ்சலின் வரவில்லை. வந்திருந்தவர்கள் பொருள்களை எடுத்து அவரவர் இடத்தில் வைத்து, பிரிண்டர்களுக்கு ஒயரையும் மாட்டிவிட்டு, சுண்டலும் பொரியும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

புதன்கிழமை காலை. ஆயக்குடிக் கொய்யா ஏற்றிய லாரி கேரளாவுக்குப் புறப்பட வாசலில் நின்றது. அனுப்புகைப் பொறுப்பாளர் ஜெகபர் அலி லாரிச் சீட்டை அச்சுக்கு அனுப்பினார். அவர் மேசைப் பிரிண்டர் அசையவில்லை. மறுபடி அனுப்பினார். மறுபடியும். அவர் அனுப்பியதெல்லாம் கூட்ட அறையில், காத்தமுத்துவின் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து விழுந்துகொண்டிருந்தது.

காத்தமுத்து அனுப்பிய கூட்ட நிகழ்ச்சி நிரலோ ரசீது கவுண்டரில் வந்தது. கத்திரிக்காய் போட்டுவிட்டு நின்ற சேவுகம்பட்டி விவசாயி அதைத் தன் ரசீது என்று வாங்கிக்கொண்டு போய், பாதி வழியில் திரும்பி வந்தார்.

"ஏம்ப்பா, இதுல வரவேற்புரைன்னு போட்டிருக்கு. என் கத்திரிக்கா எங்கப்பா?"

கவுண்டரில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கூட்ட அறைவரை கேட்டது. காத்தமுத்து கையில் ஒரு கத்தை லாரிச் சீட்டோடு வெளியே வந்தார்.

"ஏம்மா ஏஞ்சலினு! நாங் கூட்டம் நடத்தவா, கொய்யாப்பழம் ஏத்தவா? பதினோரு மணிக்கு மத்த டைரக்டருங்க வந்துருவாக. அவுக முன்னாடி இந்தக் கூத்து நடந்துச்சுன்னா நான் ஒண்ணும் பேச மாட்டேன். தீர்மானத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

"செத்த நேரம் குடுங்கய்யா," என்ற ஏஞ்சலின் தன் இடத்துக்கு ஓடினார். நானும் பின்னால் போனேன். சர்வரில் எல்லா வரிசையும் ஒழுங்காகத் தெரிந்தது. எந்தப் பிரிண்டரிலும் கோளாறு இல்லை. போன காகிதமெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே அது சொன்னது. ஏஞ்சலின் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய் ஜெகபர் அலியின் பிரிண்டரைப் பார்த்தார். நெற்றியில் சந்தனம் இருந்தது, சீட்டு இல்லை.

"மூக்காயிக்கா! இதுல ஒட்டியிருந்த சீட்டு எங்க?"

மூக்காயி எங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பவர். விளக்குமாறோடு வந்தார்.

"அதையா? சாமிக்கு முன்னாடி வக்கிற பொருளு, கந்தலும் பேப்பருமா இருக்கலாமா? தேங்காண்ணெ போட்டுத் தேச்சுச் சொரண்டி எடுத்தேன். எம்புட்டுப் பளபளன்னு இருக்கு பாரு!"

"ஆறுலயுமா எடுத்தீக?"

"ஒண்ணுக்குச் செஞ்சுட்டு இன்னொண்ண விட முடியுமா தாயி?"

ஏஞ்சலின் கை தட்டிவிட்டார். காத்தமுத்து திகைத்துப் போனார்.

"இங்க குடி முழுகிப் போகுது, நீ கை தட்டுற?"

"கண்டுபிடிச்சிட்டேன்யா! சர்வரு சரியாத்தான் அனுப்புது. மெசினுதான் எடம் மாறி உக்காந்திருக்கு. ஆறும் ஒரே மாதிரி இருக்குல்ல, நேத்து எடுத்து வச்சவுகளுக்கு எது எதுன்னு தெரியல."

ஜெகபர் அலி சட்டைக் கையை மடித்துவிட்டார். "அப்ப தூக்கி மாத்திருவோம். நாலு லோடுமேன கூப்புடுறேன்."

"வேணாம் பாய், தொடாதீங்க! ஒயரைக் கழட்டி, தூக்கி, திரும்ப மாட்டி... லாரி நிக்கிதுல்ல? மெசினு இருக்க எடத்துலயே இருக்கட்டும். சர்வருக்கு நான் புது எடத்தச் சொல்லிர்றேன். ஆளுக்கொரு மெசின் பக்கத்துல நில்லுங்க."

சர்வரில் ஆறு வரிசைகளையும் நிறுத்திவைத்தார். ஜெகபர் அலி பதற்றத்தில் திரும்பத் திரும்ப அனுப்பியவற்றில் இன்னும் நின்றவற்றை நீக்கி, ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்; மற்றவர்களை அவரவர் காகிதத்தை இன்னொரு தடவை அனுப்பச் சொன்னார். ஒவ்வொரு பிரிண்டரிலும் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் தன் முகவரியைத் தானே ஒரு தாளில் அடித்துக் கொடுக்கும். அந்தத் தாளின் கடைசி எண்ணை மட்டும் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

பிறகு எங்கள் அலுவலகம் ஏலக் கடையாகிவிட்டது.

"ரசீதுல என்ன?" ஏஞ்சலினின் குரல் கூடத்தைத் தாண்டிப் போனது.

"இருவத்தஞ்சு!"

"பாய், உங்ககிட்ட?"

"இருவத்திரெண்டு, தங்கச்சி!"

"கிட்டங்கில?"

மூட்டை அடுக்கும் அந்த அறையில் யாரும் நிற்கவில்லை. மூக்காயி அங்கே போய் எட்டிப் பார்த்தார். "இது பேப்பரே குடுக்க மாட்டேங்குது தாயி!"

"தட்டுல பேப்பர் இருக்காக்கா?"

"இல்லயே. பூசைக்குன்னு காலி பண்ணித் தொடச்சேன்ல, இதுல மட்டும் திரும்ப வக்க மறந்துட்டாக!"

கவுண்டரில் நின்ற சேவுகம்பட்டிக்காரர் சிரிப்பை விட்டுவிட்டு, கிட்டங்கி மேசையில் கிடந்த காகிதக் கட்டைப் பிரித்து அவரே தட்டில் வைத்தார். "இருவத்தொண்ணும்மா!" என்று அவர்தான் கத்தினார். நான்காவதும் ஐந்தாவதும் வந்தன. கூட்ட அறை மட்டும் மிச்சம். அங்கே பொத்தானை அழுத்தியவர் காத்தமுத்து.

"இருவத்தாறு," என்றார். பிறகு தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "இல்லம்மா, இருவத்து மூணு. கண்ணாடி போடல."

"நெசமாத்தானய்யா?"

"நெசமாத்தாம்மா! எழுது!"

ஏஞ்சலின் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முகவரியை மாற்றினார். கடைசியில் ஒரு தடவை ஆறையும் மேலிருந்து கீழாகச் சரிபார்த்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

"விடுறேன்!" என்றார்.

ஆறு பிரிண்டர்களும் ஒன்றாக முனகத் தொடங்கின. ரசீது கவுண்டரில் கத்திரிக்காய்க்கு ரசீது வந்தது. கிட்டங்கியில் புளி மூட்டை இருப்புச் சீட்டு வந்தது. கூட்ட அறையில் நிகழ்ச்சி நிரல் வந்தது. ஜெகபர் அலி லாரிச் சீட்டைச் சூடாகவே உருவிக்கொண்டு, "வண்டிய எடு, எடு!" என்று வாசலுக்கு ஓடினார். மூக்காயி குலவையிட்டார். சேவுகம்பட்டிக்காரர் ரசீதை உயர்த்திப் பிடித்து, "இந்தா இருக்கு என் கத்திரிக்கா!" என்றார். ஏஞ்சலின் கை தட்டிக்கொண்டே இருந்தார், நானும் தட்டினேன். என் வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

கூட்டம் குறித்தபடி பதினோரு மணிக்குத் தொடங்கியது. குறிப்பெடுத்தவன் நான். காத்தமுத்து பேசியதை அப்படியே எழுதியிருக்கிறேன்: "அது வராத அன்னிக்கி என்ன செய்யிறதுன்னு கேட்டேன். இன்னிக்கி வரல. என்ன செய்யணும்னு பாத்துட்டேன். சர்வரும் இருக்கட்டும், அந்தப் பிள்ளையும் இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு, எங் கைபேசியில இருந்து அனுப்புனாலும் பிரிண்டு வருமான்னு யாராச்சும் கேட்டுச் சொல்லுங்க." தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கைபேசி ஏற்பாட்டையும் ஏஞ்சலின் அந்த வாரமே செய்து கொடுத்தார். அதன்பின் காத்தமுத்துவின் பேரப்பிள்ளைகள் படமெல்லாம் கூட்ட அறையில் அச்சாகத் தொடங்கின. அது தனித் தலைவலி.

பிரிண்டர்களுக்கு இப்போது சீட்டு கிடையாது. ஒவ்வொன்றின் முதுகிலும் அதன் முகவரி எண்ணைப் பெயிண்டால் எழுதி வைத்தார் ஏஞ்சலின். தேங்காய் எண்ணெய்க்கு அது அசையுமா என்று மூக்காயியையே தேய்த்துப் பார்க்கச் சொல்லி, அழியவில்லை என்று கண்ட பிறகுதான் விட்டார்.

தற்காலிக வேலையை நிரந்தரமாக்க, எங்களுக்கு நிதி தரும் அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். பிரிண்டரைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஓர் ஆள் எதற்கு என்று முதல் கடிதத்தில் கேட்டார்கள். அக்டோபர் 25 காலையில் நடந்ததை இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினோம். இரண்டாவது கடிதத்தில் ஏஞ்சலினின் சான்றிதழ்களைக் கேட்டார்கள், அனுப்பினோம். மூன்றாவதும் கடைசியுமான கடிதம், அவரை நிரந்தரமாக்கும் ஆணையோடு, பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று வந்தது: 18.01.2024, வியாழக்கிழமை.