எருமப்பட்டிக்குப் போன குறுக்குத் தடம்

எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டிப் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தடுப்பு மருந்து கொண்டுபோவது என் வேலை. ஐஸ் போட்ட பிளாஸ்கை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு போவேன். என்னோடு வேலை பார்த்தவர் தார்ச்சாலையில் லாரியின் பின்சக்கரத்தில் சிக்கிச் செத்தார். அவரை அள்ளிப் போட்ட கோணிச்சாக்கை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு சாலையைத் தொடாமல் போக ஒரு வழி தேடினேன். ஏரிக்கரை, சுடுகாட்டுப் பாதை, அப்புறம் ஒரு சோளக்காட்டு நடுவே அரை மைல் மண் தடம். லைசென்ஸ், விளக்கு எல்லாம் சரியாக வைத்திருந்த நான், அந்தத் தடம் யாருடையது என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. ஆட்களிடம் பேசக் கூச்சம். மாடு மிரளக் கூடாதென்று எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை மிதித்தே அதைக் கடப்பேன்.

மூன்றாம் நாள் காட்டுக்காரர் ஒருவர் கூப்பிட்டு மோர் கொடுத்தார். "எதுக்குங்க மிதிக்கறீங்க? எஞ்சினப் போட்டே போங்க. நம்ம தடந்தானுங்க," என்றார். அப்படியே போனேன். தினமும் மோர் கிடைத்தது.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலை, அவருடைய அண்ணன் தடத்தில் குறுக்கே நின்றார். கையில் மம்பட்டிப் பிடி.

"எவன்டா உன்னை இதுல உட்டது?"

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். முதல் அடி வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. விழுந்தவனை முதுகிலும் காதிலும் அடித்தார். பிளாஸ்க் உடைந்து ஐஸ் புழுதியில் கரைந்தது. பிறகு இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்து இரண்டு டயரையும் கோழியை அறுப்பதுபோல் அறுத்தார். வாயில் ரத்தத்தோடு நிமிர்ந்தபோது, தம்பி வரப்பில் நிற்பது தெரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் ஓய்ந்து போன பிறகுதான் இறங்கி வந்தார்.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்த தம்பி எல்லாவற்றையும் சொன்னார். தடம் போவது அண்ணன் பங்கில்; பாகப் பத்திரத்தில் அது தம்பிக்கு ஆள் நடக்கவும் மாடு ஓட்டவும் மட்டுமே. மோட்டார் வண்டி போகும் தடம் என்று காட்டினால் தம்பியின் கிணற்றுத் தண்ணீரை ஏற்ற லாரி வரலாம். இதற்காக இருவருக்கும் கோர்ட்டில் ஐந்து வருஷமாக வழக்கு.

"தெனமும் எஞ்சினப் போட்டுத்தான் போனேன்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க, போதும்."

அன்றுதான் எனக்கு வாய் திறந்தது. "நான் அடி வாங்கறப்ப வரப்புலதான நின்னீங்க?"

"ஆமாங்க. பாத்த சாட்சி நாந்தானுங்களே," என்றார், பழத்தை உரித்துக்கொண்டே.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். சாட்சிக்குப் போகவில்லை.

கட்டுப் பிரித்த மறுவாரம் தார்ச்சாலையில்தான் போனேன். ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதெல்லாம் மணிக்கட்டு வலித்தது. பின்னால் லாரி ஹாரன் அடித்ததும் மண்ணில் இறங்கி நின்று வழி விட்டேன். அது உரசிக்கொண்டு போன பிறகு மறுபடி ஏறினேன்.