அக்காவைக் கேட்டு வந்த மூன்று அழைப்புகள்

அக்காவின் இந்த நினைவு மலரில் எழுத எனக்குத் தகுதி இல்லை. முன்பக்கங்களில் அக்காவோடு பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் பின்கதவைப் பார்ப்பவன். ஆனால் நான் எழுதாவிட்டால் ஒரு விஷயம் யாருக்கும் தெரியாமலே போய்விடும். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பருத்தித்துறையில் பிறந்தார். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். ஆங்கிலம் மேற்கொண்டு படிக்க உதவிப்பணம் கிடைத்து அவர் கனடாவுக்கு, ரொறன்ரோவுக்கு வந்தபோது நான் அரைக்காற்சட்டையோடு திரிந்தேன். முதல் வருடம் கைச்செலவுக்காக அங்கே சாப்பாட்டுச்சாலையில் கோப்பை கழுவினார். கூட வேலை செய்த பெண்கள் ஸ்பானிய மொழியில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்களாம். அது என்னவென்று அறியத்தான் அந்த மொழி வகுப்பில் போய் இருந்தாராம். பிறகு ஆங்கிலத்தை விட்டு அதையே படித்தார். இருபது வருடத்துக்கு மேல் ஸ்பானிய மொழிப் பேராசிரியராக இருந்தார்.

சிலியிலிருந்தும் பின்பு எல் சல்வடோரிலிருந்தும் அகதிகள் வந்தபோது குடிவரவு அலுவலகத்துக்குப் போய் அவர்களுக்காக மொழிபெயர்த்தார். நகரின் பார்க்டேல் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் சனிக்கிழமைகளில் ஆங்கிலம் படிப்பித்தார். எண்பதுகளின் நடுவில் எங்கள் ஆட்கள் பார்க்டேலில் வந்து இறங்கியபோது அதே அறையில் அவர்களும் இருந்து படித்தார்கள். அவர்களோடு வந்த நானும் படித்தேன்.

தொண்ணூறு பிறந்த பிறகு நான் நகரின் கிழக்கே வெக்ஸ்போர்ட்டுக்கு வீடு மாறினேன். கோயிலில் புதிதாகப் பழகியவர்கள் என்ன வேலை என்று கேட்டார்கள். ஒப்பீஸ் வேலை என்றேன். உண்மையில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களில் பாதிப்பேர் அதே வேலைதான் செய்தார்கள். பொய் சொல்ல ஒரு தேவையும் இருக்கவில்லை. புரொபசரின் தம்பி என்று தெரிந்துவிட்டதால் சொன்னேன். அக்கா கழுவிவிட்டுப் பேராசிரியரானவர். நான் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பக்கத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்திய ரீச்சர் முதல்முறை தொலைபேசி எடுத்தது பரிசளிப்புக்கு அக்காவைக் கேட்கத்தான். அக்காவின் இலக்கம் அவரிடம் இல்லை, என்னிடம் இருந்தது. அக்காவுக்கு ஒளிக்கத் தெரியாது. மேடையில் ஏறி ஐந்து நிமிடத்துக்குள், என் தம்பி இன்ன இடத்தில் கோப்பை கழுவுகிறான், கெட்டிக்காரன் என்று சந்தோஷமாகச் சொல்லியிருப்பார். அவருக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடம், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மொழி படிப்பிக்கும் விதத்தை ஆசிரியைகளுக்குக் காட்ட வருவாரா என்று கேட்டார். அதற்கும் அதே பதில். மூன்றாம் முறை, சும்மா ஒருநாள் வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்றார்.

"அவ வரமாட்டா ரீச்சர். அவவுக்கு உந்த ஸ்பானிஷ் ஆக்கள்தான் சொந்தம்" என்றேன்.

அதன்பிறகு ரீச்சர் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் கோயிலில் அக்காவை 'ஸ்பானிஷ்காறி' என்று சொல்லத் தொடங்கினார்கள். எங்களிட்டை வர அவவுக்கு வெக்கம் என்றார்கள். பக்கத்தில் நின்று நானும் சிரித்திருக்கிறேன்.

அக்காவோ இந்தப் பிள்ளைகளுக்கென்று அட்டைகள் செய்து வைத்திருந்தார். ஒரு பக்கம் படம், மறுபக்கம் தமிழ்ச் சொல். பனிச் சப்பாத்து, பஸ் தரிப்பு, அணில் என்று இங்கே அவர்கள் காண்கிறவை. ஒருநாள் அதை எடுத்துக் காட்டி, தமிழ் வகுப்பில் தேவைப்படுமா என்று கேட்டுப்பார்க்கச் சொன்னார். அவர்களிடம் புத்தகம் இருக்கிறதாம் என்று, கேட்காமலே வந்து சொன்னேன். அக்கா அட்டைகளைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

நன்றி சொல்லவேண்டியவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா படுக்கையில் இருந்த ஏழு மாதமும் முறைவைத்து வந்து பார்த்த எல் சல்வடோர் சகோதரிகளுக்கும், வீட்டுக்கு வந்த தாதிக்கும், அந்தியேட்டிச் சடங்குக்குச் சமைத்துத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதிக் கிரியையில் எங்கள் ஆட்கள் குறைவாகவே இருந்தார்கள். வராதவர்களைக் குறை சொல்லவில்லை. அது நான் செய்தது.

அக்கா போவதற்கு எட்டு நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கரண்டியோடு போதும் என்றார்.

"எங்கட ஆக்கள் என்னை ஒருநாளும் கேக்கேல்லை, என்னடா?"

"கேட்டவை அக்கா. மூண்டு தரம் கேட்டவை. நான்தான் சொல்லேல்லை."

எல்லாவற்றையும் சொன்னேன்.

"கோப்பை கழுவுறதையோ ஒளிச்சனி?" என்றார். "விசரா. நான் ஒவ்வொரு வருசமும் முதல் வகுப்பிலை என்ரை கோப்பைக் கதையைச் சொல்லித்தானே தொடங்கிறனான்."

நான் அழுதேன். அழாதே என்று அவர் சொல்லவில்லை. "நாளைக்குச் சனிக்கிழமைதானே? ரீச்சருக்குப் போன் அடிச்சுச் சொல்லு, நான் வாறன் எண்டு. நீ என்ன வேலை எண்டதையும் சொல்லு" என்றார்.

அக்கா கேட்டுக்கொண்டிருக்கவே இரண்டையும் சொன்னேன். மறுமுனையில் ரீச்சர், "பத்து மணிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ தம்பி. பிள்ளையளை முன்னுக்கு இருத்தி வைக்கிறன்" என்றார்.

நீலச் சேலையை எடுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். சக்கர நாற்காலியைக் கதவடிக்குக் கொண்டுவந்து, அதன்மேல் அட்டைப் பெட்டியை வைத்தேன்.

மறுநாள் விடியமுன்பே பனி கொட்டத் தொடங்கி மத்தியானம் வரை விடவில்லை. வகுப்பு நடக்கும் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. தமிழ் வகுப்பு நடக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அக்கா போய்விட்டார்.