தாய்மாமன் வராத கல்யாணம்

கோட்டக்குப்பத்து முத்து முகம்மது திண்டிவனத்தில் கடிகாரக் கடையில் வேலை பார்த்தவன். விழுப்புரத்திலிருந்து என் மகன் தாண்டவராயனும் அதே கடைக்குத்தான் போய் வந்துகொண்டிருந்தான், பஸ்ஸில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போகும் வரைக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார்கள். முத்து முகம்மது ஒரு விளையாட்டைக் கொண்டு வந்தான். அவன் அண்ணன் துபாயிலிருந்து எடுத்து வந்தது.

அந்த விளையாட்டில் காய் நகர்த்துவது கிடையாது. ஆளுக்கொரு வீரனாக வாயாலேயே வேஷம் கட்டிக்கொள்ள வேண்டும். ஒருவன் பறப்பான், ஒருவன் ரயிலைத் தூக்குவான். 'பெண்ணையாத்துல வெள்ளம், பாலம் ஆடுது, என்ன பண்ணப் போறே?' என்று முத்து முகம்மது கதை சொல்லிக் கேட்பான். பதில் சொல்லிவிட்டுப் பகடை உருட்டுவார்கள். விழுந்தபடி கதை போகும்.

ரயிலைத் தூக்குகிறவன்தான் தாண்டவராயனின் வீரன். ஒரே தாவில் விழுப்புரம் ஜங்ஷனையும் தாண்டுவான். வாரம் பூராவும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கென்று சவரம் பண்ணிவிடச் சொல்வான். பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்? எண்பத்து மூன்றில் ஆரம்பித்த கதை அது.

மூன்றாம் வருஷம் புளித்துவிட்டது. வாரம் ஒரு அரக்கன் வருவான், அடிப்பார்கள். அடுத்த வாரம் அவனைவிடப் பெரியவன். பறக்கும் வீரனாக ஆடியவன் ரயில்வேயில் வேலை பார்த்த சின்னதுரை. அவன் ஒருநாள் கொட்டாவி விட்டு, எவன் வந்தாலும் சாகத்தானே போகிறான், இனிமேல் என்னை விட்டுவிடுங்கள் என்றான். கதை சொல்கிறவனைத் தவிர ஆடுவதே மூன்று பேர். சின்னதுரை போனால் அவன் கூட்டாளி அப்பாதுரையும் போவான், ஆட்டம் நின்றுவிடும். தாண்டவராயன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முத்து முகம்மது வாதாடவில்லை. இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வா என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

அன்றைக்கு அரக்கன் வரவில்லை. பறக்கும் வீரனின் தங்கைக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வேண்டும் என்று முத்து முகம்மது ஆரம்பித்தான். இதெல்லாம் ஒரு வேலையா என்று சின்னதுரை பகடையை உருட்டினான். நன்றாகவே விழுந்தது. வளவனூரிலிருந்து திருவெண்ணெய்நல்லூர் வரைக்கும் பறந்து, மேலேயிருந்தே வாசலுக்கு வாசல் பத்திரிகையைப் போட்டுவிட்டதாகச் சொன்னான். தாய்மாமன் வீட்டுக்கும் அப்படித்தானா என்று முத்து முகம்மது கேட்டான். எல்லாருக்கும் ஒன்றுதான் என்றான் சின்னதுரை.

நான் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். முத்து முகம்மது என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, நீங்கதான் அந்தத் தாய்மாமன். கல்யாணத்துக்கு வருவீங்களா?"

எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"தட்டு இல்ல, வெத்தலை பாக்கு இல்ல, வாசப்படி ஏறல. காக்கா எச்சம் போடறாப்போல போட்டுட்டுப் பறந்துக்கினு போனவன் வூட்டுக்கு நான் எதுக்கு வர்றேன்?"

சின்னதுரை மறுபடி பகடையை எடுத்தான். முத்து முகம்மது அதன்மேல் கையை வைத்துவிட்டான். "தாய்மாமன் கோவத்துக்குப் பகடை கெடையாது. எங்க ஊர்லயும் அப்பிடித்தான். வாயால கேளு."

அப்பாதுரையின் வீரனுக்கு அடுத்தவர் மனசைப் படிக்கிற சக்தி. மாமன் மனசைப் படிக்கிறேன் என்றான். படித்துக்கொள், வாயால் சொன்னதுதான் உள்ளேயும் இருக்கிறது என்றேன். பொழுது சாயும்வரை மூன்று பேரும் கெஞ்சினார்கள். நான் அசையவில்லை.

"ரயிலைத் தூக்கிடுவேன்டா. எங்கம்மாவைத் தூக்க முடியாது" என்று சொல்லித் தாண்டவராயன் சிரித்தான். அடிபட்ட பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் சின்னதுரை வந்து நின்றான். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, கற்கண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம். படியேறி வந்து என் முன்னால் குனிந்து, "மாமா, தப்புதான்" என்றான். நான் தட்டை வாங்கிவிட்டால் கல்யாணக் கதை அன்றோடு முடிந்துவிடும். என் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பொண்டாட்டி எங்க? ஜோடியா வந்து அழைக்கறதுதானே மொறை?" என்றேன்.

பறக்கும் வீரனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. சின்னதுரை தட்டோடு முழித்தான். பின்னாலேயே வந்த முத்து முகம்மது செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அப்ப மொதல்ல இவனுக்குப் பொண்ணு பாக்கணும். எந்த ஊர்லேர்ந்து ஆரம்பிக்கலாம்?" என்றான். முத்து முகம்மது நூறு வயசு இருக்க வேண்டும். முதலில் ஊர் பேர் சொன்னவன் தாண்டவராயன்.