ஆறு குடமும் நானும்

திருத்தங்கலில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு குளியல் தொட்டி கிடக்கிறது. ஆள் படுக்கிற நீளம். என் மகன் வேலை பார்க்கும் அச்சாபீஸ் முதலாளி வீட்டில், குளியலறையை இடித்துக் கட்டியபோது வேண்டாமென்று ஒதுக்கியது. என் முட்டிக்காக அதை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்தான்.

முட்டி போனது தீப்பெட்டிக் கம்பெனியில். முப்பது வருசத்துக்கு மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சட்டத்தில் குச்சி அடுக்கினேன். என் வேகத்துக்கு அந்த வரிசையில் ஆள் கிடையாது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இப்போது எழுந்து நிற்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முட்டி முங்கும்படி வெதுவெதுப்பான தண்ணீரில் காலை நீட்டி, தினமும் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார் டாக்டர்.

உட்காரலாம், தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் தெருக் குழாயில் வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர் வரும்.

மருமகள் டேப்பை வைத்துத் தொட்டியை அளந்து, போனில் தட்டிப் பார்த்தாள்.

"நெறைய ஊத்துனா பதினாலு கொடம் பிடிக்கும் அத்தை."

"பதினாலா? அம்புட்டையும் ஒரு கெழவி முட்டிக்கா ஊத்துறது? மண்ண அள்ளிப் போட்டு கத்தரிச் செடி வைங்க."

வாய் அப்படிச் சொன்னாலும் முட்டி கேட்கவில்லை. யோசித்தேன். எங்கள் வீட்டில் துணி துவைக்கத் தினமும் ஆறு குடம் ஆகும். நான் உட்கார்ந்து எழுந்த தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டால் ஆறு குடம் யாருக்கும் நட்டமில்லை. ஏழாவது குடம் பேரப்பிள்ளைகளின் குடம். அதில் கை வைக்க மாட்டேன்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கணக்கு அப்படியில்லை. மருமகள் கையைப் பிடித்து வெறும் தொட்டியில் இறங்கிக் காலை நீட்டினேன். முட்டிக்கு இரண்டு விரல் மேலே, தொட்டியின் உட்பக்கம் மஞ்சளால் கோடு இழுத்துவிட்டு வெளியே வந்தேன். காலையிலிருந்து வெயிலில் கிடந்த குடங்கள் நல்ல சூடாயிருந்தன. மருமகள் ஒவ்வொன்றாக ஊற்ற, குடத்துக்கு ஒரு மஞ்சள் புள்ளி சுவரில் வைத்தேன்.

ஆறு புள்ளி ஆயிற்று. தண்ணீர் கோட்டுக்கு மூன்று விரல் கீழேயே நின்றுவிட்டது.

மருமகள் ஏழாவது குடத்தைத் தூக்கினாள்.

"கீழ வை ஆத்தா அதை."

"இன்னும் ரெண்டு கொடந்தான அத்தை."

"இன்னைக்கு ரெண்டு, நாளைக்கு ரெண்டா? வேணாம். தொட்டிய எடுத்த எடத்துலயே போடச் சொல்லு ஒம்புருசன."

சொல்லிவிட்டேன். ஆனாலும் கண் அந்த மஞ்சள் கோட்டிலேயே நின்றது. அவள் குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏன் அத்தை, ஒலைக்குத் தண்ணி பானை நெறையவா வைப்பீக?"

"எவ வைப்பா? அரிசி போட்டா ஏறி வழிஞ்சிரும்ல."

"அப்ப அரிசி எறங்கட்டும். வாங்க."

கையைப் பிடித்து இறக்கினாள். சேலையை ஒதுக்கி மெல்ல உட்கார்ந்தேன். தண்ணீர் கிளம்பியது. யாரும் ஊற்றவில்லை, குழாய் திறக்கவில்லை. அது பாட்டுக்கு ஏறியது. காலை நீட்ட நீட்ட மஞ்சள் கோட்டைத் தொட்டது, தாண்டியது, முட்டி இரண்டையும் மூடிக்கொண்டு தளும்பி நின்றது.

எத்தனை ஆயிரம் தடவை உலையில் அரிசி போட்டிருப்பேன்! ஆனால் குளிப்பதென்றால் வாளியில் மொண்டு மேலே ஊற்றுவதுதான் எனக்குத் தெரியும். ஊற்றின தண்ணீர் கீழே ஓடித்தான் பார்த்திருக்கிறேன். எனக்காகத் தண்ணீர் ஏறும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பஸ்ஸில் ஏறக்கூட இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய இந்த உடம்பு, சும்மா உட்கார்ந்தே இரண்டு குடத் தண்ணீரைத் தூக்கி வைத்திருக்கிறது.

சூடு முட்டிக்குள் இறங்கியது. மருமகள் அழுக்குத் துணியோடு வந்து நின்றாள்.

"எந்திரிங்க அத்தை, நேரமாச்சு."

எழுந்தேன். தண்ணீர் கோட்டைவிட்டுக் கீழே இறங்கிப் பழைய இடத்துக்கே போய் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"துணிய அங்கன போட்டுட்டு இரு ஆத்தா செத்த நேரம்," என்று மறுபடியும் உட்கார்ந்தேன்.