அதே பக்கம், அதே அளவு

காவல்துறையைப் பற்றிப் பாடம் நடத்தியே என் பாதி வாழ்க்கை போய்விட்டது. கல்லூரியில் குற்றவியல் துறை. போலீஸ் பயிற்சிப் பள்ளியிலும் அவ்வப்போது வகுப்பு. மாய்ந்து மாய்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை என் துறையிலேயே நாலு பேர் படித்தால் அதிகம். அந்த எரிச்சலில்தான் வேலையை உதறிவிட்டு, கோயம்புத்தூரில் ஒரு நாளிதழில் குற்றச்செய்தி நிருபராகச் சேர்ந்தேன். டீக்கடையில் உட்கார்ந்து படிப்பவருக்கு எழுத வேண்டும் என்று ஆசை. "வாங்க டாக்டரம்மா, இன்னைக்கு எந்த ஸ்டேசனைத் திருத்தப் போறீங்க?" என்று செய்தி ஆசிரியர் தினமும் என் முனைவர் பட்டத்தை வம்புக்கு இழுப்பார்.

சேர்ந்த பிறகுதான் பிழைப்பு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தது. காவல்துறையின் வாட்ஸப் குழுவில் செய்திக்குறிப்பு வரும். பிடிபட்டவர்களை வரிசையாக நிற்க வைத்து எடுத்த படமும் கூடவே வரும். அதைக் கொஞ்சம் தட்டிக் கொட்டி அனுப்பினால் வேலை முடிந்தது. ஒருவரைப் பிடித்தால் குறிப்பு வரும், விட்டுவிட்டால் வராது. குறிப்பு வராததால் செய்தியும் வராது. வகுப்பறையாக இருந்தால் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளியிருப்பேன்.

ஒரு மதியம் ஊருக்குள்ளேயே இருக்கும் கணபதிப் பகுதியிலிருந்து ஓர் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். கையில் எங்கள் பழைய பேப்பர். நான் சேர்வதற்கு முன்பு வந்த பைக் திருட்டுச் செய்தி அது. படத்தில் ஓரமாக நிற்பவன் அவருடைய மகன், லேத் பட்டறைத் தொழிலாளி.

"ஏனுங் அம்மணி, அவன் இல்லீன்னு ஸ்டேசன்ல அவங்களே சொல்லி உட்டுப்போட்டாங்க. ஆனா பேப்பர்ல வந்தது வந்ததுதானுங்களே. பட்டறையில சேத்திக்க மாட்டேங்கறாங்க. பையன் ஊட்டை உட்டு வெளியவே வாரதில்லீங்க. அவன் திருடனில்லீன்னு போட்டுருங்க. அதே பக்கத்துல, அதே அளவுல போட்டோவும் போடோணுங்க."

"எழுதறேங்கம்மா" என்றேன். எனக்கு அது பெரிய காரியமாகவே தோன்றவில்லை.

செய்தி ஆசிரியர் தலையைச் சொறிந்தார். "எழுதுங்க, வேண்டாங்கலை. ஸ்டேசன்ல யாராச்சும் பேர் குடுத்துச் சொல்லோணுமுங்க." அவனைத் திருடன் என்று போட யார் பேரும் தேவைப்படவில்லையே என்று கேட்டேன். அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்டவர் இல்லை, பாவம், அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

அவனைப் பிடித்த ஸ்டேசனின் இன்ஸ்பெக்டர் பயிற்சிப் பள்ளியில் என்னிடம் படித்தவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். "உங்ககிட்ட மறைக்க என்னங்க மேடம் இருக்குது?" என்று எல்லாவற்றையும் சொன்னார். கண்காணிப்புக் கேமராவில் தெரிந்த திருடனைப் போலவே சட்டை போட்டிருந்ததால் இவனை விசாரிக்கக் கூட்டி வந்திருக்கிறார்கள். பிடிபட்ட மற்றவர்களைப் படமெடுக்கும்போது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவனையும் யாரோ எழுப்பி நிறுத்திவிட்டார்கள். நான் பேனாவைத் திறந்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இது மேடத்துக்குச் சொன்னதுங்க. பேப்பருக்கு இல்லீங்க."

பேராசிரியையாக இருந்தவரை எல்லோரும் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினார்கள். படிக்கத்தான் ஆளில்லை. இப்போது படிக்க ஊரே காத்திருக்க, சொல்ல ஒரு வாய் கிடைக்கவில்லை. அந்த டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அந்த அம்மா தினமும் போன் செய்வார். "இன்னைக்கு வந்துருமுங்களா?" "முயற்சி பண்றேங்கம்மா." ஒருநாள் மனசு கேட்காமல் அவர் வீட்டுக்கே போனேன். மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்துப் பட்டறைகளின் சத்தம் உள்ளே வரை கேட்டது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினான். "நிக்கச் சொன்னாங்க, நின்னனுங்க. அவ்வளவுதானுங்க நான் பண்ணுனது."

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் காவல்துறைக் குழுவில் புதுக் குறிப்பு ஒன்று விழுந்தது. 'வாலிபர் மாயம்.' கீழே அவன் படம். வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டான். தாய் புகார் கொடுத்திருக்கிறார். கடைசியில் ஒரு வரி: 'இவர் முன்பு திருட்டு வழக்கு ஒன்றில் சந்தேகத்தின் பேரில் விசாரிக்கப்பட்டு, தொடர்பு இல்லை எனத் தெரிந்ததும் உடனே விடுவிக்கப்பட்டவர்.' நான் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத வரி. அவன் காணாமல் போன பழி ஸ்டேசன் மேல் வந்துவிடக் கூடாதென்று இப்போது அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். எல்லோர் முன்னாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. செய்தி ஆசிரியர் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. படத்தை அதே பக்கத்தில், அதே அளவில் வைக்கச் சொன்னார்.

மறுநாள் பேப்பரை நானே கணபதிக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடைசி வரியைப் படித்துக் காட்டினேன்.

"இன்னொருக்கா படிங் அம்மணி."

படித்தேன். அவர் பேப்பரை மடியில் விரித்து, படத்திலிருந்த மகன் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"போட்டுட்டீங்க. நல்லா இருப்பீங்க" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார், "அவன்தான் திருடன்னு போட்டோ வந்த அன்னைக்கிருந்து பேப்பரையே தொடமாட்டானுங்களே."