அரிசி கொண்டுவந்தவர்

எண்பதுகளின் தொடக்கத்தில், சித்திரை முடிந்தும் வெயில் இறங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது. இடம், மதுரை வில்லாபுரத்தில் ஒரு வளவு. நடுவில் முற்றமும் அடிகுழாயும் இருக்க, சுற்றி நாலைந்து குடித்தனங்கள் வாடகைக்கு இருக்கும் இடத்தை மதுரையில் வளவு என்போம். அதில் பின்பக்கத்து ஒற்றை அறையில் நான் இருந்தேன். அந்த மத்தியானத்தை நினைத்தால், கண்மாய்த் தண்ணீருக்குள் முங்கிக் கண்ணைத் திறந்து பார்த்த மாதிரிதான் இப்போதும் தெரிகிறது. எல்லாமே பச்சையாக, மெதுவாக, சத்தம் குறைந்து.

எங்களுக்கு ஊர் வாடிப்பட்டிப் பக்கம். சரியாகச் சொன்னால் ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ஊருக்குள் இருப்பவர்கள் எங்கள் தெருவுக்கு வர மாட்டார்கள். நாங்கள் அவர்களுடைய வயலில் நடவு நடலாம், கதிர் அறுக்கலாம், களத்தில் நெல்லைத் தூற்றலாம். வாசற்படி தாண்ட முடியாது. அப்படிப்பட்ட தெருவில், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது.

வேலை கப்பலூரில், பிளாஸ்டிக் குடம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட். கம்பெனி வாசலில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் குடங்களை மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். வெயில் பட்டு அந்த நிறமெல்லாம் தரையில் கசிந்து கிடக்கும். முதல் நாள் அதன் மேல் மிதிக்கக்கூட மனசு வராமல் சுற்றிக்கொண்டு போனேன். ஆனால் வாடிப்பட்டியிலிருந்து மதுரை வந்து, அங்கே பஸ் மாறிக் கப்பலூர் போய்ச் சேர்வதற்குள் கம்பெனிச் சங்கு ஊதிவிடும். மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார், இன்னொரு முறை லேட்டாக வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று. விடிவதற்கு முந்திய முதல் பஸ்ஸைப் பிடித்தால் முடியும். இருட்டில் அவ்வளவு தூரம் வயல் வரப்பில் நடந்து ரோட்டுக்குப் போக வேண்டும். பெண்பிள்ளையை அப்படி அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. மதுரையில் அறை கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் திரும்பவும் நடவுதான் என்று ஆனது.

அப்படித்தான் வில்லாபுரத்து வீட்டுக்கார அக்கா எனக்குக் கிடைத்தார். நாற்பது வயதிருக்கும். வாய் நிறைய வெற்றிலை, மனசு நிறையப் பேச்சு.

"எந்த ஊரு பாப்பா?"

"வாடிப்பட்டிப் பக்கங்க்கா."

"நெல்லு வெளையுற ஊருல்ல! வயக்காடுதான் பொழப்பா?"

"ஆமாக்கா, வயக்காடுதான்."

"அதானே பாத்தேன். மூஞ்சியிலயே தெரியுது, நம்ம ஆளுகன்னு."

நான் சொன்னதில் பொய் இல்லை. வயல்தான் எங்கள் பிழைப்பு, அடுத்தவர் வயலாக இருந்தாலும். ஆனால் அந்த 'நம்ம ஆளுக' என்ற சொல்லை அவராகவே எடுத்து என் தலையில் பூ மாதிரி வைத்துவிட்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அறைச் சாவி என் கையில் இருந்தது.

அதன் பிறகு வந்த நாட்கள் எனக்குத் தூக்கத்தில் நடந்த மாதிரிதான். வேலை முடிந்து வந்தால், "வா பாப்பா, குழம்பு கொதிக்குது, உப்பு பாத்துச் சொல்லு" என்று அடுப்பங்கரைக்கே கூப்பிடுவார். அவர் வீட்டுத் தண்ணீர்ப் பானையில் நானே கைவிட்டு மொண்டு குடித்தேன். அவர் மடியில் என் தலையைச் சாய்த்துவைத்துக்கொண்டு பேன் பார்ப்பார். பக்கத்துக் குடித்தனத்துக்காரர்களிடம், "எங்க வீட்டுப் புள்ள மிசினத் தட்டுனா மழ பெய்யுற மாதிரி சத்தம் வரும்டி" என்று பெருமை பேசுவார். அவர் என் மிஷினைப் பார்த்ததே கிடையாது. கொடியில் காயும் ஈரச் சேலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் நினைத்துக்கொள்வேன்: ஒரு மனுஷியை இன்னொரு மனுஷி தொடுவது இவ்வளவு லேசான காரியமா? இதற்கா இத்தனை வாய்க்கால், இத்தனை வரப்பு?

மாதம் ஒருமுறை ஊருக்குப் போவேன். அம்மா ஏதேதோ கேட்பாள். அய்யா பேச்சுக்காரர் அல்ல. எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவர் கேட்டார்.

"அந்த வீட்டுல எது வரைக்கும் போற தாயி?"

"அடுப்பங்கர வரைக்கும் போறேன்யா. ஒண்ணாத்தான் சாப்புடுறோம்."

அவருடைய முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பிறகு அது நின்றுவிட்டது.

"எதும் கேட்டாகளா?"

"ஒண்ணும் கேக்கலய்யா."

சரி என்றார். துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அடிகுழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். யார் வீட்டிலோ ரேடியோ முனகிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வளவே கண்ணயர்ந்திருந்த நேரம். வாசல் பக்கம் யாரோ செருமும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். கொடியில் தொங்கிய நீலச் சேலைக்கு அப்பால், தலையில் சின்ன மூட்டையோடு ஒரு ஆள் நின்றார். இடுப்பில் துண்டு. மேலுக்குச் சட்டை இல்லை. வெயிலில் அவர் உடம்பு முழுக்க வேர்வை மின்னியது. கண் கூசி, யாரென்று தெரிய எனக்கு ஒரு நொடி ஆயிற்று. அய்யா!

மதுரைக்கு வரும்போது சட்டை போடாமல் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. நான் எழுந்திருப்பதற்குள் வீட்டுக்கார அக்கா வெளியே வந்துவிட்டார்.

"யாருப்பா அது?"

அய்யா மூட்டையை வாசலுக்கு வெளியிலேயே இறக்கி வைத்தார். உடம்பைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டார்.

"வாடிப்பட்டியில இருந்து வாரேங்கம்மா. சின்னம்மாவுக்குப் பெரியவுக அரிசி குடுத்துவிட்டாக."

பண்ணை வீட்டுப் பெண்களை வேலையாட்கள் கூப்பிடுகிற சொல் அது, சின்னம்மா. என் அய்யா அதை என்னைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு, அக்காவுக்குத் தெரியாமல் கண்ணாலேயே என்னிடம் 'பேசாமல் இரு' என்றார். கையில் சோப்பு நுரையோடு நான் நின்றேன். கனவில் ஓட நினைத்தால் கால் நகராது பாருங்கள், அப்படி.

"ஒங்க பண்ணையாளா பாப்பா? பாவம், வேகாத வெயில்ல வந்துருக்கான்" என்று அக்கா உள்ளே போனார். செம்பில் தண்ணீரோடு திரும்பினார். "ஏய், இங்கன வா. தண்ணி குடிச்சிட்டுப் போ."

அய்யா வாசற்படிக்குக் கீழே குந்தி, இரண்டு கையையும் சேர்த்து வாய்க்கு நேராகப் பிடித்தார். அக்கா உயரத்திலிருந்து ஊற்றினார். இரக்கத்தோடுதான் ஊற்றினார். அதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் அவர் உள்ளங்கையில் விழுந்து, பாதி வாய்க்கும் பாதி முழங்கைக்குமாக ஓடி, வாசல் மண்ணில் சொட்டியது. சிந்தாமல் குடிக்க அவருக்குப் பழக்கம் போதவில்லை என்றில்லை. அவ்வளவு தாகம். ஊர் டீக்கடையில் அவர் அப்படிக் குடிப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் அது எனக்கு மழை, வெயில் மாதிரி ஒரு வழக்கமான காட்சி. இன்றைக்கு ஊற்றுகிற கை, காலையில் எனக்குத் தலை வாரிவிட்ட கை.

நான் உள்ளே போனேன். அடுப்பங்கரைக்கே போனேன். என் எவர்சில்வர் டம்ளரில், அந்த வீட்டுப் பானையிலிருந்தே தண்ணீர் மொண்டுகொண்டு வாசலுக்கு வந்தேன்.

"அய்யா, இதுல குடிங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னது, அய்யாவா?"

எங்கள் பக்கத்தில் இது ஒரு இடக்கான சொல். பெற்றவரையும் அய்யா என்போம், மரியாதைக்கு யாரையும் அய்யா என்போம். அய்யா அந்த இடைவெளியைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஈரக் கையை இடுப்புத் துண்டில் துடைத்தபடி சிரித்தார்.

"சின்னம்மா எல்லாத்தயும் அப்பிடித்தாங்க கூப்புடும். படிச்ச புள்ளல்ல, ஆளு பேரு பாக்காது. நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிறாதீக."

"அப்பிடிச் சொல்லு. நான் ஒரு நிமிசம் பயந்தே போனேன்" என்று அக்காவும் சிரித்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அறை இருக்கும், வேலை இருக்கும், ராத்திரிக் குழம்புக்கு உப்புப் பார்க்கக் கூப்பிடும் குரலும் இருக்கும். அய்யா எனக்காக எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு, தான் மட்டும் வெளியே நின்றார். எனக்கு அந்த வீட்டின் மேல் அவ்வளவு ஆசை இருந்தது. ஆனாலும் வாய் தானாகத் திறந்தது.

"அக்கா, இவுக பண்ணையாள் இல்ல. என்னப் பெத்த அய்யா."

ரேடியோ மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அக்கா என்னையும் அய்யாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு முதலில் வந்த வார்த்தை இதுதான்: "அப்ப எங்க அடுப்பங்கரைக்குள்ள..." முடிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. கோபமா, துக்கமா, எனக்குத் தெரியவில்லை.

"என்ட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல பாப்பா?"

"சொல்லிருந்தா வீடு குடுத்துருப்பீகளாக்கா?"

அவர் செம்பைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு ஒண்ணுமில்லம்மா. வளவுல நாலு பேரு இருக்காக. நாளைக்கு ஒண்ணுன்னா என்னயத்தான் கேப்பாக" என்றார். 'பாப்பா' அதற்குள் 'அம்மா' ஆகிவிட்டாள்.

அய்யா அப்போதுதான் டம்ளரை வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. விளிம்பில் உதட்டை வைத்து, அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார். இனி எதற்கும் பயமில்லை என்பதுபோல இருந்தது, அவர் குடித்த விதம்.

அறைச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, டிரங்குப் பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியை நான் பிடித்துக்கொண்டேன், இன்னொரு பக்கத்தை அவர் பிடித்தார். அரிசி மூட்டை அவர் தலையில். அது அவருக்குக் கூலியாகக் கிடைத்த நெல்லின் அரிசி. வளவில் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடியது. தெருவில் தார் உருகிக் கிடந்தது. தூரத்தில் இல்லாத தண்ணீர் பளபளவென்று ஓடியது. நாங்கள் நடக்க நடக்க அது தள்ளித் தள்ளிப் போனது. அழ வேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. உடம்பு எடையே இல்லாமல் இருந்தது.

பஸ் ஸ்டாப் நிழலில் பெட்டியை இறக்கியதும் அய்யாவுக்குக் கோபம் வந்தது.

"கிறுக்குப் புள்ள! வாடிப்பட்டியில பஸ் ஏறுனதுல இருந்து இங்க வாரவரைக்கும் எப்பிடிப் பேசணும், எப்பிடி நிக்கணும்னு சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். பக்கத்துல ஒக்காந்திருந்த ஆளு, இவனுக்கு என்னமோ ஆகிப்போச்சுன்னு எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிட்டான். அம்புட்டயும் கெடுத்துப்புட்டியே!"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. அவர் தடுக்கவில்லை.

"வேலைக்கு எப்பிடிப் போவ?"

"மொத பஸ்ஸுக்குப் போறேன்யா."

"சரி. ரோடு வரைக்கும் நான் வாரேன்."

மறுநாளிலிருந்து அவர் வந்தார். வாய்க்கால் கரையோரம் முன்னால் அவர், பின்னால் நான். வயலில் தேங்கிய தண்ணீரில் நட்சத்திரம் கிடக்கும். பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தால் மதுரை வரும் வரை தூங்குவேன். விழிக்கும்போது வானம் வெளுத்திருக்கும். சங்கு ஊதும்போது நான் என் மிஷின் முன்னால் இருப்பேன். வேலை போகவில்லை. பல வருஷம் அங்கேயே இருந்தேன். பிறகு வேறு இடங்களில் அறை தேடினேன். கேட்பதற்கு முன்பே என் தெருவைச் சொல்லிவிடுவேன். பல கதவுகள் மூடின, ஒன்று திறந்தது.

அந்த அக்கா மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர் பேன் பார்த்த விரல்களின் சுகம்கூட அவ்வப்போது கனவில் வரும். ஆனால் ஓடும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து ஆள் எழுந்து விலகிப்போக, தான் பெற்ற மகளைச் 'சின்னம்மா' என்று கூப்பிட ஒரு மனிதர் வாய்க்குள்ளேயே பழகிக்கொண்டு வந்தாரே, அதில் எத்தனாவது தடவை அவருக்கு அந்தச் சொல் இடறாமல் வந்திருக்கும் என்று நினைக்கும்போதுதான், எனக்கு இன்றைக்கும் எந்த வீட்டு வாசலிலும் தலை குனிய முடியவில்லை.